உலையில் இடாத அரிசி

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பர். மாதிரி எடுப்பு என்னும் விஞ்ஞானத்தின் சாரமும் இதுவே. ஆனால் உலையில் இடாத அரிசியின் பதத்தை எந்தச் சோறும் சொல்லாது. இந்த எளிய உண்மையை நமது புள்ளிவிபரப் பிரசங்கிகள் மறந்துவிடுகின்றனர்.

இலங்கையில் 1987, 1993, 2006-07 ஆகிய ஆண்டுகளில் குடித்தொகை, சுகாதார அளவீடுகள் நடைபெற்றன. மூன்றிலும் வடமாகாணம் இடம்பெறவில்லை. 1993 நவம்பரில் குருநகர்ப் புனித யாகப்பர் ஆலயத்தின்மீது விமானக் குண்டு வீழ்ந்தது, மக்கள் மடிந்தனர். அவ்வாண்டின் அளவீட்டிலோ குருநகரின் ஒரு தாயேனும் ஒரு குழந்தையேனும் எண்ணப்படவில்லை. போர்க்காலத்தில் வீடு வீடாகச் செல்லுதல் அரிது என்பதை நாம் மறுக்கவில்லை. விடுபட்ட பகுதியை அறிக்கைகள் மறைக்கவுமில்லை. அந்த விதிவிலக்கைக் கழற்றி எறிந்துவிட்டு, எஞ்சிய எண்ணை 'இலங்கையின் நிலை' என்று முழங்குவோருடனேயே எமக்கு வழக்கு.

"சில இலட்சம் பேர் விடுபட்டால் சராசரி பெரிதும் மாறுமோ?" என்று அவர்கள் கேட்பர். விடுபட்டோர் குலுக்கல் முறையில் விடுபட்டவரல்லர். இடம்பெயர்வும் மருந்துத் தட்டுப்பாடும் வாட்டிய மக்கள். அவர்களை நீக்கிய சராசரி துன்பத்தையே நீக்கிய சராசரி அன்றோ? மாதிரியைப் பெருக்குவதாலும் இக்குறை தீராது. 1936 இல் அமெரிக்காவின் 'லிட்டரரி டைஜஸ்ட்' சஞ்சிகை 20 இலட்சத்துக்கு மேற்பட்டோரின் விடைகளைப் பெற்று, லாண்டனே ஜனாதிபதியாவார் என்றது. வென்றவர் ரூஸ்வெல்ட். தொலைபேசியும் மோட்டார் வண்டியும் உடையோரின் பட்டியல்களிலிருந்தே பெரும்பாலான பெயர்களை அது எடுத்திருந்தது. ஏழையின் குரல் அதன் செவிக்கு எட்டவில்லை.

மாதிரிக்கு முதலில் முழுமையான பட்டியல் வேண்டும். 1981 இன் பின் நாடு முழுவதையும் தழுவிய குடிசன மதிப்பு 2012 இலேயே நடைபெற்றது. 2001 இல் 25 மாவட்டங்களுள் 18 இல் மட்டுமே அது முழுமை பெற்றது. 2016 இன் சுகாதார அளவீடு முதன்முறையாக எல்லா மாவட்டங்களையும் தழுவியது. சுமார் 27,000 குடும்பங்கள் அதிலே விடையளித்தன. இதனை நாம் வரவேற்கின்றோம். ஆயினும் யாழ்ப்பாண மாவட்டத்தின் சராசரி குருநகரின் நிலையாகிவிடாது. ஒரு மாவட்டத்துக்கென எடுத்த மாதிரியில் ஓர் ஊருக்குக் கிட்டுவன விரல்விட்டு எண்ணத்தக்க வீடுகளே. அவற்றைக் கொண்டு அவ்வூரின் நோயை அளக்க முடியாது.

இன்னொன்று: இரவெல்லாம் கடலிற் கிடந்த தொழிலாளி பகலில் உறங்குகின்றான், அவன் மனைவி சந்தையில் நிற்கின்றாள். பூட்டிய கதவைக் கண்ட அளவீட்டாளர் மீண்டும் வராது அடுத்த வீட்டுக்குச் சென்றால், உழைப்போர் கழிந்து வீட்டிலிருப்போரே மாதிரியில் மிஞ்சுவர். அதே முறையை நூறு தடவை கையாண்டாலும் அதே விடைதான் கிட்டும். கோணல் தராசும் ஒவ்வொரு முறையும் ஒரே நிறையைத்தான் காட்டுகின்றது. அதனால் அது நேர்மையான தராசாகிவிடுமா?

ஆசிரியர்களே, மாணவர்களே! சராசரியைக் கணிக்கக் கற்பிப்பதோடு நமது கடமை முடிவதில்லை. எண்ணப்பட்டோர் யார்? விடுபட்டோர் யார்? பட்டியல் எங்கிருந்து வந்தது? இம்மூன்று வினாக்களுக்கும் விடை தராத எந்த எண்ணையும் மக்களின் பெயரால் ஏற்க மறுப்போம்.