வயலுக்கு ஆறு மாதம், வீட்டுக்குப் பதினைந்து நாள்!

போன மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் ஹவுஸ் ஓனர் மாடிக்கு ஏறி வந்தார். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி சாலைக்குப் பக்கத்துத் தெரு, ஒரு ஹால், ஒரு ரூம், நாங்கள் மூன்று பேர். "தம்பி, பொண்ணு குடும்பத்தோட இங்கயே வர்றா. மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிக் கொடுத்துருங்கப்பா" என்றார். செமஸ்டர் தேர்வுக்கு ஐந்து வாரம்தான் இருந்தது. அக்ரிமென்ட் என்று ஒரு துண்டுச் சீட்டு கூட எங்களிடம் கிடையாது. மாதம் 5,000 வாடகை, 40,000 அட்வான்ஸ், எல்லாம் வாய் வார்த்தைதான்.

கோபத்தில்தான் சட்டத்தைப் புரட்ட ஆரம்பித்தேன். (பி.காம்.காரனுக்கு வணிகச் சட்டம் ஒரு பேப்பர். பாஸ் பண்ணியதோடு மறந்துவிடுவோம், அது வேறு விஷயம்!) 1882ஆம் வருடத்துச் சொத்து மாற்றுச் சட்டம், 106வது பிரிவு. வேறு ஒப்பந்தமோ, உள்ளூர்ச் சட்டமோ, வழக்கமோ இல்லாவிட்டால் வீட்டு வாடகை மாதத்துக்கு மாதம் ஓடுவதாகத்தான் கணக்கு. யார் முடிக்க நினைத்தாலும் 15 நாள் நோட்டீஸ் போதும். ஆனால் அதே பிரிவில், விவசாயத்துக்கு விட்ட குத்தகை என்றால் வருடத்துக்கு வருடம், நோட்டீஸ் 6 மாதம்!

படித்ததும் தாத்தா ஞாபகம் வந்தது. ஒரத்தநாடு பக்கம் குத்தகை நிலத்தில்தான் கடைசி வரை சாகுபடி செய்தார். நாற்று விட்டு, நட்டு, களை பறித்து, கதிர் வருகிற நேரத்தில் ஒருவர் வந்து "வயலை விடு" என்றால் என்ன ஆகும்? சட்டம் எழுதிய வெள்ளைக்காரனுக்கே அது புரிந்திருக்கிறது. நடைமுறையில் தாத்தாவைக் காத்தது அந்தப் பிரிவு இல்லை. 117வது பிரிவு விவசாயக் குத்தகையை அந்தச் சட்டத்திலிருந்து பெரும்பாலும் விலக்கி வைத்துவிட்டது. காத்தவை 1952இல் ராஜாஜி ஆட்சியில் வந்த தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும், 1955இல் வந்த சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டமும். குத்தகையை ஒழுங்காக அளக்கிறவரை நினைத்தபடி வெளியேற்ற முடியாது என்கிற நிலை டெல்டாவில் சும்மா வந்துவிடவில்லை. சங்கம் வைத்துப் போராடித்தான் வந்தது.

யோசித்துப் பாருங்கள், ஒரு சம்பா போகமும் ஒரு செமஸ்டரும் ஏறக்குறைய ஒரே நீளம்தான். பயிருக்குக் கிடைத்த அவகாசம் பரீட்சைக்கு ஏன் இல்லை?

ஓனர்களைத் திட்டுவது சுலபம். எங்கள் ஓனர் ரிட்டயர் ஆனவர், வாடகைதான் அவருக்கு மருந்துச் செலவு. 1960ஆம் வருட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்ட காலத்தில் குடி வைத்தவரைக் கிளப்ப வருடக்கணக்கில் கோர்ட்டுக்கு நடந்தவர்கள் கதை ஒவ்வொரு தெருவிலும் உண்டு. ஒரு வருடத்துக்கு மேல் குத்தகை என்றால் பதிவு செய்தாக வேண்டும். அதைத் தவிர்க்கத்தான் எல்லோரும் 11 மாத அக்ரிமென்ட் போடுகிறார்கள்.

15 நாள் நோட்டீஸ் இரண்டு பக்கமும் சமம்தானே என்பீர்கள். காகிதத்தில் சமம்தான். கணக்குப் போட்டால் இல்லை. 40,000 ரூபாயை 6 சதவீத வட்டிக்குப் போட்டிருந்தால் வருடம் 2,400, அதாவது மாதம் 200. ஆக எங்கள் நிஜ வாடகை 5,200. அது கூடப் பரவாயில்லை. புது வீட்டுக்காரர் முதலில் அட்வான்ஸ் கேட்பார், பழைய வீட்டுக்காரர் சாவியை வாங்கிய பிறகுதான் திருப்பித் தருவார். நடுவில் இன்னொரு நாற்பதாயிரத்துக்கு மூன்று மாணவர்கள் எங்கே போவது?

2019 பிப்ரவரி 22இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம் இதில் கொஞ்சம் கை வைத்தது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. ஆனால் 'வேறுவிதமாக ஒப்புக்கொண்டால் தவிர' என்று ஒரு ஓட்டையும் அங்கேயே இருக்கிறது... அட்வான்ஸ் கொடுக்காமல் வீடு கிடைக்காது என்கிறபோது யார் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்? காலி செய்த ஒரு மாதத்துக்குள் பணத்தைத் திருப்பித் தரவேண்டும். தண்ணீர், கரண்டை நிறுத்தி விரட்டக் கூடாது. வெளியேற்ற வேண்டுமானால் வாடகை நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். ஆனால் எழுத்தில் ஒப்பந்தம் இல்லை என்பதையே ஒரு காரணமாகக் காட்டி ஓனர் அங்கே போகலாம். அதாவது எங்கள் வாய் வார்த்தை அக்ரிமென்ட் அவருக்குத்தான் சாதகம். படித்த பையன்கள், மூன்று பேருக்கும் இது தெரியவில்லை.

என் கருத்து இதுதான். மாத வாடகை மாத வாடகையாகவே இருக்கட்டும், எங்களுக்கும் அது வசதிதான். 15 நாளை மட்டும் இரண்டு மாதமாக்கி, மூன்று மாத அட்வான்ஸுக்கு மேல் வாங்கவே முடியாதபடி அந்த ஓட்டையை அடைத்தால் போதும்.

எங்கள் கதைக்கு வருகிறேன். சட்டம் எதுவும் பேசவில்லை. ஹால் டிக்கெட்டைக் காட்டித்தான் கெஞ்சினோம். பரீட்சை முடிகிறவரை இருக்கச் சொன்னார், நல்ல மனிதர். பெயிண்ட் செலவு என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டார், அது வேறு! புது வீட்டுக்கு முத்திரைத்தாள் வாங்கி, நோட்டீஸ் இரண்டு மாதம் என்று நானே ஒரு வரி எழுதிக் கொண்டுபோனேன். புது ஓனர் நிதானமாகப் படித்துவிட்டு, 'வாடகை 5ஆம் தேதிக்குள்' என்று தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்துக் கையெழுத்துப் போட்டார்.