அப்பாவின் அம்பாசடரும் வாட்டர் சர்வீஸும்

முகூர்த்தத்துக்கு முதல் நாள், கொட்டகையில் நிற்கும் அம்பாசடர் வாட்டர் சர்வீஸுக்குப் போகும். பானெட்டுக்குள்ளும் பிரஷர் ஹோஸைக் காட்டி, பளபளப்புக்கு டீசல் ஸ்பிரே அடித்து அனுப்புவார்கள். மறுநாள் விடியற்காலையில் சாவியைத் திருகினால் வண்டி இருமும், கிளம்பாது. விழுப்புரம், திண்டிவனம் பக்கம் பழைய கார் வைத்திருக்கும் வீடுகளுக்கு இது பழகிய கதைதான்.

வண்டி மேல் குற்றமில்லை. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டை ஒட்டிப் பிறந்து 2014 வரை உத்தர்பாராவில் தயாரான வண்டி அது. பழைய 1489 சிசி பெட்ரோல் எஞ்சினில் டிஸ்ட்ரிபியூட்டர் பக்கவாட்டில் இருக்கும். மூடிக்குள் ஈரம் புகுந்தால் பிளக்குக்குப் போகவேண்டிய மின்சாரம் வழியிலேயே கசிந்துவிடும். ஃபியட்டுக்கும், சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்கும் இதே பாடுதான்.

கிளம்பாமல் போவதாவது பரவாயில்லை. பயப்பட வேண்டியது தீக்கு. கிரீஸ் கரைய மண்ணெண்ணெய் தடவுவது பலருக்கு வழக்கம். ஏறக்குறைய 35 டிகிரி வெப்பத்திலேயே அதன் ஆவி தீப்பிடிக்கும் அளவுக்கு எழ ஆரம்பிக்கும். அக்னி நட்சத்திர வெயிலில் விழுப்புரத்தில் நிழலே அவ்வளவு சூடு! பெட்ரோல் பற்றிச் சொல்லவே வேண்டாம். டீசலோ ரப்பர் ஹோஸ்களை ஊதவைத்துக் கெடுக்கும். அந்தப் பளபளப்பில் நாலே நாளில் செம்மண் தூசி அப்பிக்கொள்ளும்.

வீட்டிலேயே செய்யலாம், அவசரம் மட்டும் கூடாது. எஞ்சின் முழுக்க ஆறட்டும். கையை விடும் முன் டார்ச் அடித்துப் பாருங்கள். பல மாதம் நின்ற வண்டியில் எலிக்கூடு இருக்கும், எலியைத் தேடிப் பாம்பும் வந்திருக்கலாம். எலி மூத்திரத்தால் எலிக்காய்ச்சல் வரும் என்பதால் கையுறையும் மாஸ்க்கும் அவசியம். கூட்டு வைக்கோலை ஒன்றுவிடாமல் எடுத்துவிடுங்கள், சைலன்ஸர் சூட்டில் அதுவே திரியாகிவிடும்.

துடைக்கும் முன் எண்ணெய் கசிந்திருக்கும் இடங்களை மொபைலில் படம் எடுத்துக்கொள்வது நல்லது. எல்லாம் சுத்தமான பிறகு கசிவு எங்கிருந்து வந்தது என்று மெக்கானிக்குக் காட்ட முடியாது.

பாட்டரியில், பாடியோடு சேரும் எர்த் ஒயரை முதலில் கழற்றுங்கள். மாட்டும்போது அதுதான் கடைசி. மாற்றிச் செய்தால் ஸ்பேனர் பாடியில் பட்டுப் பொறி பறக்கும். சில பழைய வண்டிகளில் எர்த் பாசிட்டிவ் பக்கம் இருக்கும், பார்த்துச் செய்யவும். கார்பரேட்டர் வாய், டிஸ்ட்ரிபியூட்டர், காயில், டைனமோ, ஃபியூஸ் எல்லாவற்றையும் பாலித்தீன் பையால் மூடி ரப்பர் பேண்ட் போடுங்கள்.

பிறகு தண்ணீரில் கலந்த டிகிரீஸர் அல்லது கார் ஷாம்பு, பழைய பெயின்ட் பிரஷ், ஈரத்துணி. பத்து நிமிடம் ஊறவிட்டுத் தேய்த்துத் துடைத்தால் போதும். ஹோஸே வேண்டாம். அழுக்குத் தண்ணீர் ஏரிக்கோ வாய்க்காலுக்கோ போகாத இடமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பானெட்டைத் திறந்துவைத்து இரண்டு மணி நேரம் உலரவிடுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி உள்ளே காய்ந்த துணியால் ஒரு துடை. பெட்ரோல் வாசம் அடித்தால் ஸ்டார்ட் செய்யாமல் ஹோஸைப் பாருங்கள். பக்கத்தில் ஒரு சின்ன தீயணைப்பு சிலிண்டர் இருக்கட்டும். எல்லாம் சரி என்றால் எர்த்தை மாட்டி, சாவியைத் திருகலாம். அதற்கு முன், கார்பரேட்டர் வாயில் கட்டிய பை இன்னும் அங்கேயே இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்!