நோயின் பெயரும் மருந்தே!

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துச் சிற்றூர்களில் ஏழைப் பெண்டிரின் கைப்பொருள் கொல்லைப்புறக் கோழியே. முட்டை விற்ற காசுதான் பிள்ளையின் எழுதுசுவடியாகிறது. அக் கோழிகள் மாளும்போது, 'சீக்கு வந்து போயிற்று' என்று ஒரே சொல்லில் முடித்து விடுகின்றனர். ஆங்கிலத்திலிருந்து ஒட்டிக்கொண்ட இந்த ஒரு சொல், மூன்று நோய்களை மூடி மறைக்கிறது.

முதலாவது செள். குருதி குடிக்கும் செஞ்செள் பகலில் கூண்டின் இடுக்குகளில் ஒளிந்து, இரவில் கோழிமேல் ஏறும். கோழிக்கு மட்டும் மருந்திட்டுப் பயன் என்ன? கூண்டைத் துப்புரவாக்கி, இடுக்குகளை அடைத்துச் சுண்ணாம்பு பூசுதல் வேண்டும். வெப்பக் காலத்தில் ஒரு கிழமையில் அது பெருகுமாதலால், ஏழாம் நாள் மீண்டும் செய்தல் வேண்டும்.

இரண்டாவது சளி. மூக்கொழுகி முகம் வீங்கும். நோயுற்றதைப் பிரித்து வைத்து, கூண்டுக்குக் காற்றோட்டம் தந்து, மருத்துவர் சொல்லும் மருந்தை அளவறிந்து கொடுத்தால் பெரும்பாலும் தேறும்.

மூன்றாவது கழிச்சல். இதிலும் மூச்சுத் திணறும். ஆனால், கழுத்துத் திருகும். பச்சையும் வெள்ளையுமாய்க் கழியும். நச்சுயிரியால் வருவதாகலின் வந்தபின் மருந்தில்லை. வருமுன் இடும் தடுப்பூசியே காப்பு. இதனைச் சளியென்று மயங்குவோர் கூண்டையே இழப்பர்.

படித்தோர் இதனை 'இராணிக்கேட்' என்பர். அது வடபுலத்து மலையூர் ஒன்றின் பெயர். 1926இல் இங்கிலாந்தில் கண்டவர் 'நியூகாசில்' என்றனர், அதுவும் ஊர்ப்பெயரே. ஊர்ப்பெயர் நோய்க்குறி காட்டுமா? கழிச்சல் என்னும் தமிழ்ச்சொல்லோ கேட்ட அளவில் எச்சரிக்கிறது.

கால்நடை மருந்தகம்தோறும் செள், சளி, கழிச்சல் என மூன்றும் தனித்தனியே தமிழில் எழுதப்படுக! சொல் தெளிந்தால் நோய் தெளியும். நோய் தெளிந்தால் கோழி பிழைக்கும். கோழி பிழைத்தால் குடி பிழைக்கும்.