துன்ஹிந்தவைப் பார்க்காத தங்கச்சி

 

கிழக்கிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். "பிள்ளைகளுக்கு மலைநாட்டைக் காட்ட ஆசை. கையில் இருப்பதோ கொஞ்சம். நீங்கள் ஊவாவில் இருப்பவர். எப்படி வருவது, எதைப் பார்ப்பது என்று ஒரு முறை எழுதக்கூடாதா?" என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. மார்க்கச் சட்டம் கேட்டு வரும் கடிதங்களுக்கிடையில் இப்படியொன்று வந்தது எனக்கும் மகிழ்ச்சியாக இருந்தது.

பதில் சொல்லுமுன் என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு டிசம்பர் லீவில் என் தங்கை குடும்பம் இங்கே வந்தது. மச்சானும் அவருடைய சகோதரர்களும் பணம் சேர்த்து ஒரு வேன் பிடித்திருந்தார்கள். பதினான்கு பேர். பின்னால் காஸ் அடுப்பு, சோத்துப் பானை, அரிசி மூட்டை, பாய். இரவிரவாக ஓடி விடியற்காலையில் பதுளை வந்தார்கள். காலையில் துன்ஹிந்த, பகலில் எல்ல, மாலையில் ஹப்புத்தளை, இரவே திரும்பி ஊர் என்று திட்டம். துன்ஹிந்தவில் ஆண்களும் பிள்ளைகளும் நீர்வீழ்ச்சிக்கு நடந்தார்கள். பெண்கள் வேனடியில் அடுப்பை மூட்டினார்கள். அன்று மாலை வழியில் எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கியபோது, "தங்கச்சி, துன்ஹிந்த எப்படி?" என்று கேட்டேன்.

"எங்க நானா பாத்தேன்? பானையைத்தான் பாத்தேன்" என்றாள்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருநூற்றுப் பத்து அடி உயரத்திலிருந்து விழுகிற நீரை, ஒரு மைலுக்குள் நின்றும் அவள் பார்க்கவில்லை. இத்தனைக்கும் அந்த வேனுக்கான பணத்தில் அவளுடைய சீட்டுக் காசும் இருந்தது.

வேன்தான் மலிவு என்று நம் வீடுகளில் ஒரு கணக்கு இருக்கிறது. தலைக்கு இவ்வளவு என்று பிரித்துப் பார்த்தால் மலிவாகத் தெரியும். ஆனால் அந்தக் கணக்கில் சாரதியின் தூக்கம் சேர்வதில்லை. அறை வாடகையை மிச்சம் பிடிக்க இரவு முழுக்க ஓடி, பகலெல்லாம் மலையேறி, மறுபடியும் இரவில் இறங்குகிறோம். 2025 செப்டம்பர் 4ஆம் திகதி இரவு எல்ல–வெல்லவாய வீதியில் பள்ளத்தில் விழுந்த பஸ்ஸை மறந்திருக்க மாட்டீர்கள். சுற்றுலா வந்து வீடு திரும்பியவர்கள். பதினைந்து உயிர்கள் போயின. அதற்கு முந்திய வருடம் நவம்பர் முதலாம் திகதி துன்ஹிந்தப் பக்கத்திலேயே மாணவர்கள் சென்ற பஸ் கவிழ்ந்தது. இந்த வீதிகளில் நான் வாரந்தோறும் பயணம் செய்கிறேன். பகலிலும் இவை இலகுவான வீதிகளல்ல. ஆகவே என் முதல் பதில்: ஒரு நாளில் பத்து இடம் வேண்டாம். இரண்டு இரவு தங்குங்கள். பொது பஸ்ஸிலும் ரயிலிலும், பகலில் மட்டும் போங்கள். செலவைக் கூட்டிப் பார்த்தால் பெரும்பாலும் வேனை விடக் குறைவாகத்தான் வரும்.

எப்போது வருவது? டிசம்பர் வேண்டாம் என்பேன். ஒக்டோபர் தொடங்கி ஜனவரி வரை ஊவாவில் மழைக்காலம். அருவிகள் நிறைந்து ஓடும் என்பது உண்மை. மண்ணும் சேர்ந்து ஓடும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் தோட்ட லயங்கள் மண்ணுக்குள் போனதும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் பதுளை மாவட்டத்தைப் புரட்டிப் போட்டதும் இந்தக் காலத்தில்தான். நமக்கு அல்லாஹ் ஒரு வசதி தந்திருக்கிறான். முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு விடுமுறை தனியாக வருகிறது. இந்த ஆண்டுகளில் நோன்புப் பெருநாள் மார்ச்சிலும் பெப்ரவரிக் கடைசியிலும் வருகிறது. அப்போது ஊவாவில் மழை குறைவு. மற்றப் பாடசாலைகள் நடந்துகொண்டிருப்பதால் ரயிலிலும் அறைகளிலும் நெருக்கடியும் குறைவு. பெருநாள் முடிந்து மூன்றாம் நாள் புறப்படுங்கள். எந்த மாதமானாலும், புறப்படுமுன் தேசிய கட்டட ஆராய்ச்சி அமைப்பு மண்சரிவு எச்சரிக்கை விடுத்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கிழக்கிலிருந்து வருகிறவர்கள் மஹியங்கனை வழியாகவோ, பிபிலை–பசறை வழியாகவோ பஸ்ஸில் பதுளை வரலாம். பிபிலை வழியாக வந்தால் பிள்ளைகளுக்கு ஒரு செய்தி சொல்லுங்கள். 1817இல் ஆங்கிலேயர் ஹாஜி மரைக்கார் என்ற முஸ்லிம் ஒருவரை வெல்லஸ்ஸவின் முஹாந்திரமாக நியமித்தார்கள். உள்ளூர்ப் பிரதானிகள் தங்கள் அதிகாரம் பறிபோனதாகக் கொதித்தார்கள். கிளர்ச்சி வெடித்தது. ஹாஜியும் கொல்லப்பட்டார், பதுளையிலிருந்து படையுடன் போன ஆங்கிலேய அதிகாரி வில்சனும் கொல்லப்பட்டார். ஊவாக் கிளர்ச்சி என்று பாடப் புத்தகத்தில் படிப்பது இந்த மண்ணில் நடந்தது. அந்நியன் தந்த பதவி நம்மவர் ஒருவரைத் தன் அயலாருக்கே எதிரியாக்கி நிறுத்தியது. வளர்ந்த பிள்ளைகளுக்கு இதை விளக்கப் பசறை வரும் வரை நேரம் போதும்.

அறையைப் பதுளையிலோ பண்டாரவளையிலோ எடுங்கள். எல்லயில் எடுக்காதீர்கள். அங்கே விலை வெளிநாட்டாருக்காகப் போட்ட விலை. மேலும் பதுளையிலும் பண்டாரவளையிலும் நம்மவர்களின் சாப்பாட்டுக் கடைகள் உண்டு. ஹலால் தேடி அலைய வேண்டியதில்லை. காலையில் பாணும் பருப்பும், பகலுக்குச் சோத்துப் பார்சல். இதற்கு மேல் ஒரு பிரயாணிக்கு என்ன வேண்டும்? பானையை ஊரிலேயே விட்டுவிடுங்கள். இதை ஆண்களுக்குத்தான் சொல்கிறேன். இதழை அவர்களிடம் காட்டுங்கள். தொழுகை விஷயத்தில் ஒரு சொல்: இந்த நகரங்களில் பள்ளிவாசல்கள் உண்டு. பெண்களுக்கு இடமிருக்கிறதா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். சேர்த்தும் சுருக்கியும் தொழும் சலுகை பிரயாணிக்கு இருக்கிறது. தொழுகையைக் காரணம் காட்டிப் பெண்களை வீட்டில் விட்டுவரத் தேவையில்லை.

இனி ரயில். மலைநாட்டுப் பாதை 1924இல் பதுளை வந்து முடிந்தது. கொழும்பிலிருந்து 292 கிலோமீற்றர். முழுப் பாதையையும் பார்க்க வேண்டியதில்லை. பதுளையிலிருந்து ஹப்புத்தளை வரை மூன்றாம் வகுப்பில் போனால் போதும். டித்வா புயலில் மலைநாட்டுப் பாதை பல இடங்களில் சேதமானது. ஆகவே அன்றைய தினம் எது ஓடுகிறது என்று நிலையத்தில் கேட்டே சீட்டு வாங்குங்கள். ரயில் இல்லையென்றால் அதே ஊர்களுக்கு பஸ் இருக்கிறது.

தெமோதரை வந்ததும் பிள்ளைகளை எழுப்பிவிடுங்கள். அங்கே ரயில் பாதை வளையமாகச் சுற்றி, சுரங்கத்தில் நுழைந்து, நிலையத்துக்கு அடியாலேயே போகிறது. தலைப்பாகையை அவிழ்த்து மறுபடி கட்டிய ஒரு தோட்டக் கங்காணியைப் பார்த்துத்தான் எஞ்சினியருக்கு இந்த யோசனை வந்தது என்று இந்தப் பக்கத்தில் கதை சொல்வார்கள். கதை மெய்யோ பொய்யோ, படித்தவனுக்கு யோசனை கொடுத்தவன் ஒரு தொழிலாளி என்று ஊர் நினைவு வைத்திருப்பது எனக்குப் பிடிக்கும். அதைத் தாண்டினால் ஒன்பது வளைவுப் பாலம். 1921இல் கல்லும் செங்கல்லும் சீமெந்தும் கொண்டு, இரும்பில்லாமல் கட்டியது. எல்லயில் இறங்கி நடந்துபோய்ப் பார்க்கலாம். பாலத்தில் ரயில் ஓடுவதை மறவாதீர்கள். ரயில் வாசலில் தொங்கிப் படமெடுக்கும் பழக்கம் இப்போது நம் பிள்ளைகளையும் பிடித்திருக்கிறது. விழுந்து இறந்தவர்கள் இருக்கிறார்கள். வாப்பாமார் வாசலில் நில்லுங்கள். தியத்தலாவையைக் கடக்கும்போது, போயர் யுத்தத்தில் பிடிபட்ட சுமார் ஐயாயிரம் கைதிகளை 1900ஆம் ஆண்டு முதல் இங்கேதான் அடைத்து வைத்திருந்தார்கள் என்று சொல்லிக் காட்டலாம்.

ஹப்புத்தளையில் இறங்கினால் தம்பேதென்னைக்கு பஸ் பிடியுங்கள். உங்களோடு தோட்டத்துப் பெண்கள் சந்தைப் பையுடன் ஏறுவார்கள். பயணத்தின் மிகச் சிறந்த பகுதி இதுதான் என்பது என் எண்ணம். தம்பேதென்னையில் 1890இல் தோமஸ் லிப்டன் கட்டிய தேயிலைத் தொழிற்சாலை இருக்கிறது. கட்டணம் செலுத்தினால் உள்ளே காட்டுவார்கள். பறித்த கொழுந்தை வாட்டுவது, உருட்டுவது, புளிக்கவிடுவது, உலர்த்துவது, சலித்துத் தரம் பிரிப்பது எல்லாவற்றையும் கண்ணால் பார்க்கலாம். ஒரு நாளில் நான்கு முறை தேநீர் ஊற்றுகிற உங்களுக்கு இதைவிடப் பொருத்தமான பாடசாலை வேறில்லை. ஊவாத் தேயிலையின் பெயர்பெற்ற மணம் ஜூலை முதல் செப்டம்பர் வரை வறண்ட காற்று வீசும்போது பறிக்கும் கொழுந்தில்தான் வருகிறது. அங்கிருந்து லிப்டன் சீற் என்ற உச்சி ஏழு கிலோமீற்றர். காலையில் ஏறினால்தான் பள்ளத்தாக்கு தெரியும். பகலானால் மூடுபனி வந்துவிடும்.

கொழுந்து பறிக்கும் பெண்ணைப் படமெடுக்குமுன் அவளைக் கேளுங்கள். அவள் நம் மொழி பேசுகிறவள். "அக்கா, சாப்பிட்டீங்களா?" என்று ஒரு சொல் கேட்டால் நின்று பேசுவாள். 2024 செப்டம்பரில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக்கப்பட்டது. அதுவும் எத்தனையோ வருடப் போராட்டத்திற்குப் பின். வேனில் நாம் தின்று தீர்க்கும் பிஸ்கட்டும் சோடாவும் எவ்வளவு என்று அந்த இடத்தில் நின்று கணக்குப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது. இந்த மக்களின் குடியுரிமையை 1948இல் பறித்தார்கள். எஞ்சியிருந்தவர்களுக்கும் கிடைக்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நூதனசாலை பற்றியும் வாசகி கேட்டிருந்தார். நூதனசாலை என்றதும் நாம் கொழும்பைத்தான் நினைப்போம். 1877இல் திறந்த அந்தக் கட்டடத்தைக் கட்டியவர் நம் வாப்பிச்சி மரைக்கார். கைம்மாறாக என்ன வேண்டும் என்று ஆளுநர் கேட்டபோது, வெள்ளிக்கிழமைகளில் அதை மூடிவைக்கும்படி மட்டும் அவர் கேட்டார் என்று பெரியவர்கள் சொல்வார்கள். தேயிலைக்கான நூதனசாலை கண்டிக்கு மேலே ஹந்தானையில் இருக்கிறது. ஆனால் அதில் பெரும்பாலும் துரைமாரும் இயந்திரங்களும்தான். தொழிலாளர்களுக்கென்று ஒன்று புசல்லாவைப் பக்கத்தில் ஒரு பழைய லயத்திலேயே 2007இல் அமைக்கப்பட்டது. அவர்கள் சமைத்த பாத்திரம், சுமந்த கூடை, படுத்த அறை. கண்டி வழியாக வருகிறவர்கள் இரண்டையும் பார்த்துவிட்டு வாருங்கள். ஒன்றை மட்டும்தான் பார்க்க முடியுமென்றால் லயத்தைப் பாருங்கள்.

ஊவாவில் சொல்லும்படியான நூதனசாலை கதிர்காமத்தில் இருக்கிறது. அது மொனராகலை மாவட்டத்தின் தென்கோடி. பதுளையோடு சேர்த்து ஓடாமல் தனிப் பயணமாக வையுங்கள். அங்கே கோயில் வளாகத்துக்குள்ளேயே பள்ளிவாசலும் உண்டு. ஜூலை, ஓகஸ்டில் வரும் எசல விழாக் காலத்தில் அங்கே முஸ்லிம்களின் கொடியேற்றமும் நடக்கும். அங்கு நடக்கும் எல்லாவற்றையும் சரியென்று நான் சொல்லமாட்டேன். அது வேறு மாதத்துப் பேச்சு. பதுளையில் முத்தியங்கனை விகாரைப் பெரஹரா நடக்கும் நாட்களிலும் அறை வாடகை ஏறும், பஸ்கள் பாதை மாறும். சிக்கனமாக வருகிறவர்கள் திகதி கேட்டு விலகி வாருங்கள். வழியில் ஊர்வலம் எதிர்ப்பட்டால் ஒதுங்கி நின்று இடம் விடுங்கள். நம் ஊர்வலங்களுக்கும் அவர்கள் விட்டிருக்கிறார்கள்.

பதுளை நகரம் ஒரு காலைப் பொழுதுக்குப் போதும். புனித மாற்கு தேவாலயம் மேஜர் ரோஜர்ஸ் என்ற அதிகாரியின் நினைவாகக் கட்டியது. ஆயிரத்து நானூறு யானைகளுக்கு மேல் சுட்டவர் என்று சொல்லப்படுகிறவர். 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். வெளியிலிருந்து பார்த்தாலும் போதும், பிள்ளைகள் அந்தக் கதையை மறக்கமாட்டார்கள்.

பிறகு துன்ஹிந்த. மஹியங்கனை வீதியில் ஐந்து கிலோமீற்றர். பஸ்ஸில் இறங்கி ஒரு கிலோமீற்றருக்கு மேல் காட்டுவழி நடக்க வேண்டும். படிகள் வழுக்கும். நல்ல செருப்புப் போடுங்கள், கைக்குழந்தையை ஆண்கள் தூக்கட்டும். குரங்குகள் பையைப் பறிக்கும். குளிக்க இறங்காதீர்கள். முடிவில் பதுளு ஓயா முழுவதும் பாறையிலிருந்து புகையாக விழுவதைப் பார்ப்பீர்கள்.

அடுத்த பெருநாளுக்கு வரும்படி தங்கச்சிக்கு எழுதியிருக்கிறேன். பானையைக் கொண்டு வந்தால் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவேன் என்றும் எழுதினேன். வருகிறோம் நானா என்று பதில் வந்தது. மச்சான் இன்னும் வேனுக்குத்தான் விலை விசாரிக்கிறாராம்.