நிலவறையில் ஒரு லுங்கி

எங்கள் வீட்டில் இரண்டு அடுப்பு. ஒன்று சமையலறையில், சாதம் வடிக்க. இன்னொன்று நிலவறையில், எங்களை வேகவைக்க.

பதற வேண்டாம். வீடு இருப்பது ஸ்வீடனில். ஜனவரி ராத்திரியில் வெளியே மைனஸ் 14 டிகிரி. ஈரத்துணியைக் கொடியில் போட்டால் கொஞ்ச நேரத்தில் அப்பளம். நிலவறையில் இருக்கும் பாய்லர் தண்ணீரைக் காய்ச்சி, ஒவ்வொரு அறையிலும் சுவரோரம் உள்ள இரும்பு ரேடியேட்டர்களுக்கு அனுப்பினால்தான் மனுஷன் மனுஷனாக நடமாட முடியும். பாய்லர் நின்றால் முதலில் நாம் விறைப்போம். அப்புறம் குழாய்கள் விறைத்து வெடிக்கும். இரண்டில் குழாய்க்குத்தான் செலவு ஜாஸ்தி என்பார் வீட்டுக்காரர்.

கம்பெனி என்னை இரண்டு வருஷத்துக்கு அனுப்பிய ஊர் வெக்ஷோ. எழுத்துக்கூட்டிப் படித்தால் பல் பெயரும். ஊருக்குள்ளேயே வீடு எடுத்திருந்தால் இந்தக் கதை கிடையாது. அங்கே ஒரு பெரிய நிலையத்தில் மொத்தமாக வெந்நீர் காய்ச்சி, பூமிக்கடியில் குழாய் போட்டு வீடு வீடாக அனுப்புகிறார்கள். 1980-லிருந்தே அதற்கு மரக்கழிவை எரிக்கிறார்கள். நான் வாடகை குறைவு என்று 12 கிலோமீட்டர் தள்ளி வீடு பிடித்தேன். மிச்சம் பிடிக்கிற புத்தி. இந்தக் கதையில் அது அடிக்கடி தலை காட்டும்.

வீட்டுக்காரருக்கு 76 வயது. எதிர்வீட்டில் குடியிருக்கிறார். ஸ்வீடனில் யாரையும் பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். எனக்கு நாக்கு எழவில்லை. 'ஸார்' என்கிறேன். ஒவ்வொரு தடவையும் யாரைக் கூப்பிடுகிறான் என்று திரும்பிப் பார்க்கிறார்.

பாய்லர் ரொம்பப் பழசு. ஆதியில் எண்ணெயில் ஓடியது. 1973-ல் உலகம் முழுக்க எண்ணெய் விலை எகிறியது. 1991-ல் ஸ்வீடன் அரசு கார்பன் வரி போட்டது. கட்டுப்படியாகாமல் பெரியவர் பாய்லரை அப்படியே வைத்துக்கொண்டு, எண்ணெய் பர்னரை மட்டும் கழற்றிவிட்டு, அதே கதவில் பெல்லட் பர்னரை மாட்டிவிட்டார்.

பெல்லட்டைப் பார்த்தால் மாட்டுத்தீவனம் என்பீர்கள். காய்ந்த மரத்தூளை அச்சில் அழுத்தி 6 அல்லது 8 மில்லிமீட்டர் தடிமனில் குச்சி குச்சியாக எடுக்கிறார்கள். அழுத்துகிற சூட்டில் மரத்திலேயே இருக்கும் லிக்னின் இளகி ஒட்டிக்கொள்கிறது. கிலோவுக்குச் சுமார் 4.8 யூனிட் வெப்பம். ஆமாம், கரண்ட் பில்லில் வருகிற அதே யூனிட். இரண்டு கிலோ பெல்லட் ஒரு லிட்டர் எண்ணெய்க்குச் சமம். எங்கள் வீடு வருஷத்துக்கு ஐந்து டன் சாப்பிடுகிறது. முதல் தர பெல்லட்டில் சாம்பல் 0.7 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்பது விதி. ஐந்து டன்னுக்கு 35 கிலோதான். பல் தேய்க்கக்கூடக் காணாது.

குடிவந்த அன்றைக்கே பெரியவர் பாடம் எடுத்தார். பக்கத்தில் பெல்லட் தொட்டி. அதிலிருந்து சாய்வாக ஒரு குழாய். உள்ளே மாவு மெஷினில் இருப்பது போல ஒரு ஸ்க்ரூ சுற்றிச் சுற்றி பெல்லட்டை மேலே தூக்கும். மேலேயிருந்து ஒரு பிளாஸ்டிக் ஹோஸ் வழியாக அது பர்னருக்குள் விழும். சூடான கம்பிச்சுருள் பற்றவைக்கும், ஃபேன் காற்று ஊதும், போட்டோசெல் என்ற ஒற்றைக்கண் நெருப்பு எரிகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். வெளிச்சம் போனால் ஸ்க்ரூவை நிறுத்திவிட்டு அலாரம் அடிக்கும்.

"நெருப்புக்குப் பக்கத்துல போய் பிளாஸ்டிக் ஹோஸா?" என்றேன், இன்ஜினீயர் தோரணையில்.

"நெருப்பு பின்னாடி ஏறினா முதல்ல அது உருகி அறுந்துடும். தொட்டிக்குத் தீ போகாது" என்றார். நம் வீட்டு ஃப்யூஸ் ஒயர் மாதிரி, சாவதற்கென்றே வைத்திருக்கும் பொருள்.

அப்புறம் சுவரின் கீழே இருந்த கம்பி வலை போட்ட ஒரு ஓட்டையைக் காட்டி, "இதை மட்டும் தொடாதே" என்றார். நான் தலையாட்டினேன். நாம் எதற்குத்தான் தலையாட்டவில்லை?

மூன்று மாசம் நன்றாகப் போயிற்று. ஜனவரியில் என் புத்தி வேலை செய்ய ஆரம்பித்தது.

முதலில், கடையில் தள்ளுபடி விலைக்குக் கிடைத்த பெல்லட் நாற்பது மூட்டை. மூட்டைக்கு 16 கிலோ. குச்சிகள் நீளம் குறைவு, நிறையத் தூள். போனால் போகிறது, எப்படியும் எரியத்தானே போகிறது!

இரண்டாவது, நிலவறையில் துணி உலர்த்தப் போகும்போதெல்லாம் அந்த ஓட்டை வழியாக ஐஸ் காற்று காலைக் கடித்தது. காசு கொடுத்துக் காய்ச்சுகிற வீட்டில் இப்படி ஒரு பொத்தலா? ஈரோட்டில் வாங்கிய என் பழைய கட்டம் போட்ட லுங்கியைச் சுருட்டி, வலையை நகர்த்தி, உள்ளே திணித்தேன். காற்று நின்றது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

இரண்டே நாளில் பர்னரின் கண்ணாடித் துவாரத்தில் நெருப்பு செக்கச்செவேலென்று தெரிந்தது. நுனியில் கரும்புகை. புகைக்குழாயில் செருகியிருக்கும் தெர்மாமீட்டர் வழக்கமாக 170 காட்டும். இப்போது 230. 'அடடே, நன்றாகச் சூடாகிறதே' என்று சந்தோஷப்பட்டேன். பாய்லர் உள்சுவரில் கரி படிந்து, தண்ணீருக்குப் போக வேண்டிய சூடு புகையோடு வெளியே போகிறது என்பது உறைக்கவில்லை. ஆனாலும் வீடு குளிர்ந்தது. ஸ்க்ரூ டிரைவரை எடுத்துப்போய் ஃபேனைக் கொஞ்சம், பெல்லட் அளவைக் கொஞ்சம், மறுபடி ஃபேனை என்று மாறி மாறித் திருகினேன். ஒரு பிழையைத் தேடும்போது ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும் என்று ஆபீஸில் ஜூனியர்களுக்கு நான்தான் பாடம் நடத்துகிறேன். அதெல்லாம் ஆபீஸ் நேரத்தில்.

அன்று ராத்திரி மூன்று மணிக்கு மாடிப்படியில் ஒரு சின்னப் பெட்டி கீச் கீச்சென்று கத்தியது. பெரியவர் மாட்டி வைத்திருந்த கார்பன் மோனாக்ஸைடு அலாரம். பாட்டரி தீர்ந்திருக்கும், கழற்றிவிட்டுத் தூங்கலாம் என்று கையை நீட்டினேன்.

"என்னங்க, எனக்கு சாயந்தரத்திலேருந்து தலைவலி. குழந்தை வேற ரெண்டு தரம் வாந்தி எடுத்துட்டான். அதைக் கழட்டாதீங்க. முதல்ல வெளில வாங்க" என்றாள் மனைவி. எட்டு மாசக் குழந்தையைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு, அதற்குள் வாசல் கதவையே திறந்துவிட்டிருந்தாள்.

மைனஸ் 14-ல் பனியில் நின்றோம். எதிர்வீட்டில் விளக்கு எரிந்தது. பெரியவர் பைஜாமாவோடு ஓடிவந்து, எங்களைத் தன் வீட்டுக்குள் தள்ளிவிட்டு 112-க்குப் போன் போட்டார். தீயணைப்பு வண்டி வந்தது. மூச்சுக்கருவி மாட்டிய இரண்டு பேர் உள்ளே போய் பர்னரை நிறுத்தினார்கள். ஜன்னல்களைத் திறந்து, மீட்டரால் அறை அறையாக அளந்தார்கள். கூட வந்தவர்கள் மூன்று பேரையும் பரிசோதித்து, பயமில்லை என்றார்கள். அதுவரை என் கை நடுங்கியது குளிரால் அல்ல.

கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது. காற்றுப் போதாமல் எரிகிற எந்த நெருப்பும் அதைக் கக்கும். ரத்தத்தில் ஆக்ஸிஜன் உட்கார வேண்டிய சீட்டில் முன்னாடியே துண்டு போட்டு உட்கார்ந்துவிடும். லேசில் எழுந்திருக்காது. தூக்கத்தில் இருப்பவன் தூக்கத்திலேயே போய்விடுவான். அந்தப் பெட்டியை நான் கழற்றியிருந்தால் இந்த வாரம் இந்தப் பக்கத்தில் வேறு யாராவது எழுதிக்கொண்டிருப்பார்கள்.

கடைசியில் ஒரு தீயணைப்பு வீரர் வெளியே வந்தார். கையில் விறைத்துப்போன கட்டம் போட்ட துணி. தூக்கிப் பிடித்து, "இது என்ன?" என்றார்.

"லுங்கி" என்றேன்.

பெரியவர் என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருக்கலாம்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு ஒரு வாளி, சமையல் தராசு, நீளமான பிரஷ், கைக்கடிகாரம் ஆகியவற்றோடு வந்தார். அன்று நான் கற்றதை எழுதி பாய்லர் மேலேயே ஒட்டி வைத்திருக்கிறேன்.

முதலில் சுத்தம். பர்னர் தட்டில் கண்ணாடி மாதிரி கட்டி தட்டியிருந்த சாம்பலைச் சுரண்டினோம். பெல்லட்டில் மண்ணோ மரப்பட்டையோ கலந்திருந்தால் சாம்பல் உருகி இப்படி இறுகுமாம். பாய்லர் உள்சுவர்க் கரியைப் பிரஷ் போட்டு எடுத்தோம். சாம்பலை மூடி போட்ட இரும்பு டப்பாவில்தான் கொட்ட வேண்டும். அணைந்த மாதிரி இருக்கும், உள்ளே கங்கு விழித்திருக்கும்.

அடுத்தது எடை. ஹோஸைப் பர்னரிலிருந்து கழற்றி வாளிக்குள் விட்டார். ஸ்க்ரூவை ஆறே நிமிஷம் ஓடவிட்டார். விழுந்ததை நிறுத்தால் 350 கிராம். பத்தால் பெருக்கினால் மணிக்கு மூன்றரைக் கிலோ. அதை 4.8 யூனிட்டால் பெருக்கினால் 16.8 கிலோவாட். சுவரில் அவர் கையால் எழுதிய பழைய அட்டையில் இருந்தது 300 கிராம், அதாவது 14.4 கிலோவாட். அமைப்பு மாறவே இல்லை, பெல்லட்தான் மாறியிருக்கிறது. குட்டைக் குச்சிகள் நெருக்கமாக அடைந்துகொள்ளும். அதனால் ஸ்க்ரூவின் அதே சுற்றில் எடை அதிகமாக விழும். விறகு கூடிற்று, காற்று கூடவில்லை. போதாக்குறைக்கு நான் லுங்கி வேறு வைத்திருக்கிறேன். மூட்டை மாறினால் முதலில் நிறுத்துப் பார்.

மூன்றாவதுதான் காற்று. பெல்லட்டை 300 கிராமுக்குக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, ஃபேனை மட்டும் துளி நகர்த்தினார். "இப்ப காபி" என்றார். இருபது நிமிஷம் இரண்டு பேரும் காபி குடித்தோம். நெருப்பு நிலைக்கு வர அவ்வளவு நேரம் ஆகுமாம். மறுபடி பார்த்து மறுபடி துளி. மறுபடி காபி. நாலு காபியில் முடிந்தது.

செக்கச்சிவந்த சுடர், கரும்புகை என்றால் காற்று குறைவு. குட்டையாக வெளுத்துப் படபடத்து, பொறி பறந்து, வேகாத பெல்லட் சாம்பலில் வந்து விழுந்தால் காற்று அதிகம். அதுவும் நஷ்டம்தான். வேண்டாத காற்றைச் சுடவைத்து ஆகாசத்துக்கு அனுப்புகிறோம். பளிச்சென்ற மஞ்சளில் ஆடாமல் எரிந்து, சாம்பல் வெளிர் நிறத்தில் பொடியாக விழுந்தால் சரி. கண் பார்ப்பது இவ்வளவுதான். வருஷத்துக்கு ஒரு தடவை டெக்னீஷியன் வந்து, புகைக்குழாயில் கருவியை நுழைத்து ஆக்ஸிஜனையும் கார்பன் மோனாக்ஸைடையும் அளந்து சொல்வதுதான் தீர்ப்பு.

போகும்போது இன்னொன்றும் சொன்னார். பெல்லட்டை மூடின அறையில் மொத்தமாகக் கொட்டி வைத்தால், எரிக்காமலே அதிலிருந்து கார்பன் மோனாக்ஸைடு வரும். அப்படிப்பட்ட கிடங்குகளில் இறங்கி உயிரை விட்டவர்கள் உண்டு. கதவைத் திறந்து காற்றாடவிட்ட பிறகுதான் நுழைய வேண்டும்.

சாயந்தரம் அம்மாவுக்குப் போன் போட்டு, பாதிக் கதையைச் சொன்னேன். லுங்கியை மறைத்துவிட்டேன்.

"மரத்தூளா எரிக்கறே?" என்றாள். "நம்மாத்துல எத்தனை வருஷம் மரத்தூள் அடுப்பு வெச்சிருந்தேன். நடுவுல பாட்டிலை நட்டு, கீழே வாய்ல கட்டையைச் செருகி, சுத்தி இடிச்சு இடிச்சு அடைப்பேன். அப்புறம் ரெண்டையும் பதமா உருவிடணும். அந்த வழி தூந்து போச்சோ, ஒரே புகைதான். சின்ன வயசுல நீதான் விளையாட்டா மண்ணைப் போட்டு மூடுவே, முதுகுல ரெண்டு வாங்குவே."

சற்று நேரம் போனில் சத்தமில்லை.

"ஏண்டா... இப்பவும் எதையாவது வெச்சு அடைச்சியா?"

ஏழாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தபடி கேட்கிறாள். அலாரம் பெட்டியெல்லாம் அப்புறம் வந்ததுதான் ஸார்.

தள்ளுபடி மூட்டைகள் இன்னும் இருபத்தெட்டு இருக்கின்றன. தூளைச் சலித்து, நிறுத்து, அளந்து எரித்துக்கொண்டிருக்கிறேன். ஸ்க்ரூ டிரைவர் மனைவியின் பீரோவில் இருக்கிறது. கேட்டு வாங்க வேண்டும், காரணம் சொல்ல வேண்டும். பெரியவர் லுங்கியைத் துவைத்து, இஸ்திரி போட்டு, நாலாக மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இப்போதெல்லாம் காலையில் பார்த்தால் குட்மார்னிங் கிடையாது. வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரே ஒரு வார்த்தைதான்.

"லுங்கி?"

"இடுப்பில்" என்கிறேன்.