சயனைடு மேட்டில் என்ன வேடிக்கை?

கோலார் தங்கவயலைச் சுற்றுலாத் தலமாக்கணும் என்கிற பேச்சு ஓயமாட்டேன் என்கிறது. சாப்டு மேல் துருப்பிடித்து நிற்கும் இரும்புக் கோபுரத்துக்கு வண்ணம் அடி, கூண்டைத் துடைத்துவை, மலை உச்சியில் நின்று பொழுது சாய்வதைக் காட்டு என்று ஆளாளுக்கு யோசனை. 2018இல் வந்த 'கே.ஜி.எஃப்' சினிமாவும் அந்த மேட்டில் எடுத்ததுதான்.

மலை என்கிறீர்களே, அது எங்கிருந்து முளைத்தது? 3 கிலோமீட்டருக்கும் கீழே போய் எங்க சனம் உடைத்து மேலேற்றிய பாறை அய்யா அது. அதை மாவாக அரைத்து, சயனைடில் கரைத்துத் தங்கத்தை எடுத்துக்கொண்டு, சக்கையைக் குடியிருப்புக்குப் பக்கத்திலேயே கொட்டினார்கள். 13 மேடுகள், 3 கோடியே 30 லட்சம் டன். காத்தடிச்சா அந்தத் தூளு சோத்துல விழும். தங்கம் சுமார் 800 டன். அது போன திசை வேறு.

1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. வெள்ளைக்காரனுக்கு பங்களா. வட ஆற்காட்டுச் சேரிகளிலிருந்து பஞ்சத்துக்கும் பண்ணையாருக்கும் தப்பி வந்த நமக்குத் தட்டி லைன். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது, சுரங்கத்து மிஷினுக்காக. பாறை வெடித்துச் செத்தவர்கள் எத்தனை பேர்! நெஞ்சில் கல்தூள் அடைத்து இருமி இருமியே செத்தவர்கள் எத்தனை பேர்!

இந்தச் சனம் வெறும் கூலியாகவும் கிடக்கவில்லை. அயோத்திதாசரின் பௌத்தம் மாரிக்குப்பத்தில் வேர் பிடித்தது. 1926இல் அப்பாதுரையார் 'தமிழன்' இதழை மறுபடி கொண்டுவந்தது இங்கிருந்துதான். 1930இல் கைரேகை வைக்கமாட்டோம் என்று வேலைநிறுத்தம் செய்தவர்களும் இவர்களே. தங்கம் எடுத்த ஊரிலேயே மலம் அள்ளும் கூடையும் இருந்தது. அதை எதிர்த்துக் கிளம்பிய பெஜவாடா வில்சன் இந்த மண்ணின் பிள்ளை. சுற்றுலா வழிகாட்டி இதையெல்லாம் சொல்வானா?

2001 பிப்ரவரி 28இல் சுரங்கத்தை மூடினார்கள். பிள்ளைகள் விடியுமுன் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்கு ஓடுகிறார்கள். 2024இல் அந்த மேடுகளிலிருந்தே மறுபடி தங்கம் எடுக்க கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது. சக்கைக்குக்கூட விலை உண்டு. சுமந்தவனுக்கு?

இரும்பை உருக்கி விற்றுவிடு என்று நாம் சொல்லவில்லை. கோபுரம் நிற்கட்டும். அதனடியில் செத்தவர்கள் பேரை ஒன்று விடாமல் வெட்டு. அதை நடத்தும் உரிமையும் வரும்படியும் இறங்கினவன் குடும்பத்துக்கு வரட்டும். குடியிருக்கிற வீட்டை அவன் பேருக்கு எழுது. இருமுகிறவனுக்கு வைத்தியம் பார். தூசியை அடக்கு.

அதுவரைக்கும் எங்க பாட்டன் சுமந்த மண்ணு மேல ஏறி நின்னு, ஆகா என்ன அழகு என்று சொல்லாதே.