சர்னி ரோடு ஓபரா ஹவுஸும் பம்பாய் கண்ட ஜப்பானும்

மும்பை சர்னி ரோடு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள ராயல் ஓபரா ஹவுஸ், இந்தியாவில் எஞ்சியிருக்கும் ஒரே ஓபரா அரங்கு என்று அறியப்படுகிறது. கல்கத்தாவில் இருந்துகொண்டு நாடகக் குழுக்களை நடத்திய மாரிஸ் பாண்ட்மனும், ஜஹாங்கீர் பிராம்ஜி கராகா என்ற பார்சி வணிகரும் சேர்ந்து கட்டிய கட்டடம் அது. 1911இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பம்பாய் வந்தபோது, வேலை முழுதாக முடிவதற்கு முன்பே அவர் கையால் திறப்பு விழா நடந்துவிட்டது. பாண்ட்மனின் குழுக்கள் கப்பலேறி ஜப்பானின் யோகோஹாமா வரை போய் வந்தன. லண்டனில் நன்றாக ஓடிய இசை நாடகங்கள் அவ்வழியில் பம்பாயிலும் இறங்கின.

அந்த வகை இசை நாடகத்துக்குத் தாய்வீடு லண்டனின் சவாய் தியேட்டர். ரிச்சர்ட் டாய்லி கார்ட் 1881 அக்டோபர் 10 அன்று திறந்த அந்த அரங்கு, முழுக்க மின்விளக்கால் ஒளியூட்டப்பட்ட உலகின் முதல் பொதுக் கட்டடம். ஏறத்தாழ 1,200 விளக்குகள். நெருப்புக்கு அஞ்சிய ரசிகர்களின் பயத்தைத் தெளிவிக்க கார்ட்டே மேடையேறினார். எரிந்துகொண்டிருந்த ஒரு பல்பை மஸ்லின் துணியால் சுற்றி, எல்லார் கண்முன்னும் உடைத்தார். துணி கருகவில்லை. அதற்குப் பிறகுதான் அரங்கு நிம்மதியானது.

கில்பர்ட் வசனமும் பாட்டும் எழுத, சல்லிவன் இசையமைத்த நாடகங்கள் இங்கே மேடையேறின. வசனத்துக்கு இடையே பாட்டும் கூட்டுப்பாட்டும் வந்து கதையை நகர்த்தும் அமைப்பு, சங்கரதாஸ் சுவாமிகளின் நாடக மரபில் வளர்ந்த தமிழ்க் காதுக்கு அந்நியமானதல்ல. 1885 மார்ச் 14 அன்று அரங்கேறிய ‘தி மிக்காடோ’ 672 காட்சிகள் ஓடியது. கதை நடப்பது டிட்டிப்பு என்ற கற்பனை ஜப்பானிய ஊரில். அந்த ஆண்டு தொடக்கத்தில்தான் லண்டனின் நைட்ஸ்பிரிட்ஜில் ஒரு ஜப்பானியக் கிராமக் கண்காட்சி திறந்திருந்தது. அங்கிருந்த ஜப்பானியரைக் கில்பர்ட் ஒத்திகைக்கு அழைத்துவந்தார். விசிறியை எப்படி விரிப்பது, எப்படி மடக்குவது, குறுநடையில் எப்படிக் காலெடுத்து வைப்பது என்று நடிகைகள் அவர்களிடம் பாடம் கேட்டார்கள். உடைத் துணி லிபர்ட்டி கடையிலிருந்து வந்தது. மிக்காடோ எனப்படும் பேரரசர் மேடைக்கு வரும்போது ஒலிக்கும் அணிநடைப் பாட்டு, மெய்ஜி காலத்து ஜப்பானியப் படைப்பாட்டின் மெட்டு.

இவ்வளவு அக்கறை உடையிலும் நடையிலும் இருந்தது, கதையில் இல்லை. கில்பர்ட் கேலி செய்தது இங்கிலாந்தின் அதிகாரிகளையும் சட்டத்தையும்தான். ஜப்பான் அதற்கொரு வேஷம். அந்த வேஷம் உண்மையான ஜப்பானியரைப் புண்படுத்தக்கூடும் என்பது பிரிட்டிஷ் அரசுக்கே தெரிந்திருந்தது: 1907இல் ஜப்பான் இளவரசர் புஷிமி லண்டன் வந்தபோது, மிக்காடோவை மேடையேற்றச் சில வாரங்கள் தடை விதித்தார்கள். 2015இல் நியூயார்க் குழு ஒன்று தன் மிக்காடோ நிகழ்ச்சியையே கைவிட்டது. வெள்ளையர் ஒப்பனை போட்டு ஆசியராக நடிப்பது தவறு என்று எழுந்த கண்டனமே காரணம். அந்தக் கண்டனம் நியாயமானது. சல்லிவன் இசையின் அழகும் அதே அளவுக்கு உண்மை.

மிக்காடோ முதலான நாடகங்கள் கொட்டிக்கொடுத்த லாபத்தில் கார்ட் தியேட்டரை ஒட்டியே சவாய் ஹோட்டலைக் கட்டி 1889 ஆகஸ்ட் 6 அன்று திறந்தார். மின்விளக்கு, மின்தூக்கி என அந்தக் காலத்து வசதிகளெல்லாம் அதில் இருந்தன. நிர்வாகத்துக்கு சீசர் ரிட்ஸும் சமையலறைக்கு எஸ்கோஃபியேவும் வந்தார்கள்.

பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1903 டிசம்பர் 16 அன்று, பம்பாயில் தாஜ் மஹால் ஹோட்டல் திறந்தது. நகரில் மின்விளக்கு எரிந்த முதல் கட்டடம் அதுதான் என்பார்கள். கட்டியவர் ஜம்ஷெட்ஜி டாடா. சவாயின் பணம் மேடை ஜப்பானிடமிருந்து வந்தது. டாடாவுக்கோ ஜப்பான் நேரடி வியாபாரக் கூட்டாளி. பம்பாய்ப் பஞ்சையும் நூலையும் கிழக்கே கொண்டுபோகும் சரக்குக் கட்டணத்தை பி அண்டு ஓ கப்பல் கம்பெனி தன் பிடியில் வைத்திருந்தது. 1893இல் டாடா ஜப்பானுக்கே போய் நிப்போன் யூசன் கைஷா கப்பல் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்தார். அதே பயணத்தில் யோகோஹாமாவிலிருந்து அவர் ஏறிய கப்பலில்தான் சிகாகோவுக்குப் புறப்பட்ட விவேகானந்தரும் இருந்தார். பி அண்டு ஓ கட்டணத்தை அடிமட்டத்துக்கு இறக்கியதில் டாடா போட்டிக்கு இறக்கிய கப்பல்கள் தாக்குப்பிடிக்கவில்லை. ஆனால் ஜப்பான் நிறுவனத்தின் பம்பாய்-கோபே தடம் நிலைத்தது. பஞ்சு வாங்க வந்த ஜப்பானியர் பம்பாயில் குடியிருந்தார்கள். வொர்லியில் இருக்கும் ஜப்பானியப் பௌத்தக் கோயிலும் ஜப்பானியர் கல்லறைத் தோட்டமும் அந்த உறவின் சுவடுகள். மிக்காடோவின் டிட்டிப்புவைவிட இந்த ஜப்பானுக்கே மும்பை கடன்பட்டிருக்கிறது.

ஓபரா ஹவுஸில் ஆங்கில ஓபராவின் காலம் நீளவில்லை. பால கந்தர்வரும் தீனாநாத் மங்கேஷ்கரும் அதே மேடையில் மராத்தி சங்கீத நாடகம் பாடினார்கள். பிருத்விராஜ் கபூரின் இந்தி நாடகங்கள் நடந்தன. பின்னர் சினிமாத் திரை வந்தது. 1952இல் கட்டடம் கோண்டல் மகாராஜாவின் கைக்கு மாறியது. 1993இல் மூடப்பட்டது. கட்டடக் கலைஞர் ஆபா நாராயண் லாம்பாவின் பொறுப்பில் புதுப்பிக்கப்பட்டு, 2016 அக்டோபரில் திறந்தபோது பாடியவர், பம்பாயில் பிறந்து லண்டனில் பேர்பெற்ற பட்ரீஷியா ரோசாரியோ. 2017இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுக் காப்பு விருதுகளில் அதற்கும் ஒன்று கிடைத்தது. இன்று சுமார் 575 பேர் உட்காரலாம்.

மாட்டுங்கா, செம்பூர்த் தமிழருக்குச் சண்முகானந்தாவும் ஃபைன் ஆர்ட்ஸும் என்று சபாக்கள் இருக்கின்றன. 1990இல் எரிந்த சண்முகானந்தா அரங்கை 1998இல் மறுபடி எழுப்பிக் காட்டிய ஊர் இது. கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரமும் அருணாசலக் கவிராயரின் ராம நாடகமும் பாட்டால் நடக்கும் நாடகங்களே. மராத்தியும் இந்தியும் ஆங்கிலமும் ஏறிய ஓபரா ஹவுஸ் மேடையில் இவற்றில் ஒன்றை முழு இசை நாடகமாக ஏற்ற மும்பைத் தமிழ்ச் சபாக்கள் முன்வர வேண்டும். தாராவியிலிருந்தும் மாட்டுங்காவிலிருந்தும் வருகிறவர்கள் மாட்டுங்கா ரோட்டில் ஸ்லோ ரயில் பிடித்தால் நேரே சர்னி ரோட்டில் இறங்கலாம்.